ஸ்லோ குக்கரில் பிய்த்த சல்சா சிக்கன்: முதல் தடவை செய்பவர்களுக்கு

எலும்பில்லாத கோழித் தொடைக்கறி, ஒரு பாட்டில் சல்சா (தக்காளி, வெங்காயம், மிளகாய் சேர்ந்த மெக்சிகோ சாஸ்), கொஞ்சம் மசாலா. இவற்றை ஸ்லோ குக்கரில் போட்டு மூடி மதியம் ஒரு மணிக்கு ஆன் செய்தால், சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்டி பட்டாலே நார் நாராகப் பிரியும் சிக்கன் தயார். இங்கே அமெரிக்க வீடுகளில், அதிலும் டெக்சஸும் மெக்சிகோவும் கலந்த டெக்ஸ்-மெக்ஸ் சாப்பாடு பழகிய வீடுகளில், வார நாள் இரவுக்கு இது சர்வசாதாரணம். சோற்றின் மேல் போட்டுக்கொள்ளலாம், டார்ட்டிலா என்கிற மெல்லிய ரொட்டியில் சுருட்டலாம், மறுநாள் சாண்ட்விச்சுக்குள் வைக்கலாம்.

இதற்குப் பெரிய சமையல் அனுபவம் எதுவும் வேண்டாம். சொல்லப்போனால், நன்றாகச் சமைக்கத் தெரிந்த நம்மவர்களுக்குத்தான் முதல் தடவை இது சொதப்பும். அடுப்பில் குழம்பு வைத்துப் பழகிய கை தண்ணீர் ஊற்றப் போகும், மூடியைத் திறந்து கிளறப் போகும். ஸ்லோ குக்கரில் இரண்டும் வேண்டாம். இந்தப் பாத்திரத்தில் போட்ட நீர் வெளியே போகாது. போட்டது எதுவும் இதில் வதங்காது, சிவக்காது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லியிருப்பதில் பாதியை நீங்களே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம்

உள்ளே கனமான பீங்கான் பானை. அதைச் சுற்றி ஓர் உலோகக் கூடு, கூட்டின் சுவருக்குள் சூடேற்றும் கம்பி. அவ்வளவுதான் இந்த இயந்திரம். ஆறு குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) குக்கர் ஒன்று 200 முதல் 300 வாட் வரைதான் மின்சாரம் இழுக்கும். விசில் கிடையாது, அழுத்தம் கிடையாது. சூடு மெல்ல உள்ளே இறங்கும். எழும்பும் ஆவி மூடியில் பட்டு, தண்ணீராகி, மறுபடியும் உள்ளேயே சொட்டும்.

இதை உருவாக்கியவர் சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சன். அவருடைய அம்மா லித்துவேனியாவில், வில்னியஸ் பக்கம் வளர்ந்தவர். வாராந்திர ஓய்வுநாளான சப்பாத்தில் யூதர்கள் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் 'சோலன்ட்' என்கிற பீன்ஸ், கறிக் குழம்புப் பானையை ஊர் பேக்கரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அணைந்துகொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் அது வேகும். அம்மா சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் நாக்சனுக்கு யோசனை வந்தது. 1940-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் கான்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, மறு ஆண்டே 'கிராக் பாட்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் எந்தக் கம்பெனியின் ஸ்லோ குக்கரையும் பலர் கிராக் பாட் என்றே சொல்கிறார்கள்.

லோ, ஹை என்று இரண்டு அளவு இருக்கும். ஹையில் வைத்தால் கறி அதிகச் சூட்டில் வேகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, வந்து நிற்கும். ஹையில் சீக்கிரம் போய்ச் சேரும், லோவில் நிதானமாகப் போகும். வார்ம் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கும். அது வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும். பச்சைக் கறியை வார்மில் வைக்கவே கூடாது.

புதிதாக வாங்குபவர்கள் ஆறு குவார்ட், நீள்வட்ட வடிவம் பார்த்து வாங்குங்கள். இரண்டு பேர் மட்டும் என்றால் நான்கு குவார்ட் போதும். பாத்திரம் பாதியிலிருந்து முக்கால் வரை நிறைந்திருப்பதுதான் நல்லது. பெரிய குக்கரின் அடியில் கொஞ்சூண்டு கறி கிடந்தால் ஓரமெல்லாம் காய்ந்து தீய்ந்துவிடும். நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு மாறும் டிஜிட்டல் மாடல் கொஞ்சம் விலை கூட என்றாலும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. வெறும் திருகு மட்டும் உள்ள மாடல், நீங்கள் வந்து அணைக்கும்வரை வெந்துகொண்டேதான் இருக்கும்.

இன்ஸ்டன்ட் பாட் வைத்திருப்பவர்கள் அதிலேயே ஸ்லோ குக் பொத்தான் இருக்கிறதே என்பார்கள். அதில் சூடு அடியிலிருந்து மட்டும் வருகிறது. இங்கே சொல்லும் நேரக் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. இன்னொன்று: ஊருக்குத் திரும்பும்போது இதைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போக நினைக்காதீர்கள். அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் ஊர் 230-இல் செருகினால் அத்தோடு முடிந்தது.

எந்தக் கறி வாங்குவது

நெஞ்சுக்கறியா தொடைக்கறியா என்று கேட்டால் யோசிக்காமல் தொடைக்கறி என்பேன். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம். நீண்ட நேரச் சூட்டில் அந்தத் திசுவில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். அதுதான் கறிக்கு வழவழப்பும் ஈரமும் தருவது. நெஞ்சுக்கறியில் அது குறைவு. வெந்த பிறகும் சூட்டிலேயே கிடந்தால் அதன் நீர் வெளியேறி, பிய்த்தால் பஞ்சாக வரும். குழம்பு எவ்வளவு இருந்தாலும் வாயில் சக்கைதான். வீட்டில் யாராவது நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பாதிப் பாதி போடுங்கள், அல்லது நேரத்தைக் குறையுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சூப்பர் மார்க்கெட்டில் எலும்பும் தோலும் எடுத்த தொடைக்கறி தனிப் பாக்கெட்டாகவே கிடைக்கும். இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம், ஐந்தாறு பேருக்குப் போதும். இந்தியன் கடையிலோ ஹலால் கடையிலோ வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குழம்புக்கு வெட்டும் 'கறி கட்' இதற்கு ஆகாது. வெட்டும்போது நொறுங்கிய சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் பிய்த்த கறிக்குள் ஒளிந்துகொள்ளும். குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அது ஆபத்து. முழுத் தொடையாக, தோல் உரித்துக் கேளுங்கள். எலும்போடு இருந்தால்கூடப் பரவாயில்லை, வெந்ததும் எலும்பு தானே கழன்று வரும்.

இனி பலருக்கும் பிடிக்காத விஷயம். கோழியைக் கழுவாதீர்கள். மஞ்சள் தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசினால்தான் நமக்கெல்லாம் திருப்தி, தெரியும். ஆனால் கழுவும்போது தெறிக்கும் நீரோடு சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சிங்க், மேடை, பக்கத்தில் வைத்த தட்டு என்று எல்லா இடத்துக்கும் போகின்றன. கிருமிகளைக் கொல்வது சூடுதான். அமெரிக்க வேளாண் துறையும் கழுவ வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பாக்கெட்டிலிருந்து எடுத்து, பேப்பர் டவலில் ஒற்றி, தொங்கும் கொழுப்புக் கட்டிகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு நேராகப் பானைக்குள் போடலாம். அப்புறம் கையையும் கத்தரிக்கோலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மனசு கேட்கவே இல்லையென்றால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள்ளேயே தெறிக்காமல் அலசி, சிங்க்கை உடனே சோப்பால் தேய்த்து விடுங்கள்.

ஃப்ரீசரில் கல்லாக இறுகிக் கிடக்கும் கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, நம் கணக்கில் 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை, கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு. உறைந்த கறி இந்த எல்லையைத் தாண்ட மணிக்கணக்கில் ஆகும். முதல் நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், கசியாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இளகிவிடும்.

என்னென்ன வேண்டும்

எலும்பில்லாத கோழித் தொடைக்கறி – 2 பவுண்டு
கெட்டியான சல்சா – 16 அவுன்ஸ் பாட்டில் ஒன்று
பெரிய வெங்காயம் – 1, பொடியாக நறுக்கியது
பூண்டு – 4 பல்
சீரகத் தூள் – 2 டீஸ்பூன்
அமெரிக்கக் கடையில் விற்கும் சில்லி பவுடர் – 1 டேபிள்ஸ்பூன்
உலர்ந்த ஆரிகனோ – 1 டீஸ்பூன்
எண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன்
கறுப்பு பீன்ஸ் – 15 அவுன்ஸ் டின் ஒன்று
உறைந்த மக்காச்சோளம் – 1 கப்
பச்சை எலுமிச்சை – 1
கொத்தமல்லித் தழை – ஒரு கைப்பிடி
உப்பு – கடைசியில், ருசி பார்த்து

பட்டியலில் தண்ணீர் இல்லை. விட்டுப்போகவில்லை. இரண்டு பவுண்டு கறியிலிருந்தும் சல்சாவிலிருந்தும் வெளியே வரும் நீரே கறியை முக்கால்வாசி மூழ்கடித்துவிடும்.

சில்லி பவுடர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது நம் மிளகாய்த் தூள் கிடையாது. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகனோ எல்லாம் கலந்த மசாலா அது. அதற்குப் பதிலாக நம் வீட்டு மிளகாய்த் தூளை ஒரு டேபிள்ஸ்பூன் போட்டால் வாய் எரிந்துவிடும். நம் தூள்தான் இருக்கிறது என்றால் காஷ்மீரி மிளகாய்த் தூள் ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சீரகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மசாலாவெல்லாம் தனித்தனியாக வாங்கிச் சேர்க்க அலுப்பாக இருந்தால் டாக்கோ சீசனிங் என்று ஒரு அவுன்ஸ் பாக்கெட் எந்தக் கடையிலும் இருக்கும். முதல் தடவைக்கு அது தப்பே இல்லை. ஆனால் அதில் உப்பு அதிகம், சல்சாவிலும் உப்பு உண்டு. ஆகவே கடைசிவரை உப்பு டப்பாவைத் தொடாதீர்கள்.

சல்சாவில் மைல்டு, மீடியம், ஹாட் என்று காரம் எழுதியிருக்கும். அமெரிக்க மீடியம் நமக்கு ஒன்றுமே இல்லை. காரத்தைவிடக் கவனிக்க வேண்டியது அதன் பதம்: பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள், தக்காளித் துண்டுகளோடு மெதுவாக நகர்ந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் வேறு பாட்டில் எடுங்கள்.

பீன்ஸை டின்னில்தான் வாங்கச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. வீட்டில் ராஜ்மா இருக்கிறதே, ஊற வைத்துச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்கிற நச்சு இருக்கிறது. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதற்குப் போதாது; சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். காய்ந்த பீன்ஸ்தான் சேர்க்க வேண்டும் என்றால் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைத்து, அல்லது பிரஷர் குக்கரில் வேகவிட்டு, பிறகு சேருங்கள். டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது, அந்தக் கவலை இல்லை.

வெங்காயத்தை மட்டும் முதலில் வதக்குங்கள்

பல செய்முறைகளில் எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டி மூடச் சொல்லியிருக்கும். செய்யலாம், கெட்டுப்போகாது. ஆனால் ஸ்லோ குக்கருக்குள் வெங்காயம் அவியுமே தவிர வதங்காது. ஐந்து மணி நேரம் கழித்தும் ஒரு பச்சை வாடை அடியில் நிற்கும். சீரகத் தூளும் எண்ணெய்ச் சூடு காணாமல் மண்ணாக நிற்கும். தாளிக்காத சாம்பாரைச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதற்காக வாணலியைத் தூக்க வேண்டியதில்லை. மைக்ரோவேவில் வைக்கக்கூடிய ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெங்காயம், நசுக்கிய பூண்டு, மசாலாத் தூள்கள், எண்ணெய் எல்லாம் போட்டுக் கலந்து, ஐந்து நிமிடம் வையுங்கள். நடுவில் ஒரு தடவை எடுத்துக் கிளறினால் போதும். வெங்காயம் துவண்டு, மசாலா மணம் வந்துவிடும். அபார்ட்மென்ட்டில் தாளித்தாலே அலறும் புகை அலாரத்துக்கும் இதில் வேலை இல்லை. இந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் சோம்பல்படாதீர்கள். ருசியில் பாதி இதில்தான்.

அடுக்குவதும் மூடுவதும்

வதங்கிய வெங்காயக் கலவையைப் பானையின் அடியில் பரப்புங்கள். அதன் மேல் தொடைக்கறியை ஒன்றன்மேல் ஒன்று குவியாமல், முடிந்தவரை ஒரே அடுக்காக வையுங்கள். மேலே சல்சாவை ஊற்றி, கறி முழுக்க மூடும்படி பரப்பிவிடுங்கள். கறியைத் துண்டு போட வேண்டாம். முழுசாக வெந்தால்தான் பிய்க்கும்போது நீளமான நார் கிடைக்கும்.

பீன்ஸும் சோளமும் இப்போது வேண்டாம். ஏற்கெனவே வெந்த பீன்ஸ் இன்னும் ஐந்து மணி நேரம் கிடந்தால் கூழாகிவிடும்.

மூடியைப் போட்டு லோவில் வையுங்கள். நான்கரை முதல் ஐந்தரை மணி நேரம். அவசரம் என்றால் ஹையில் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். பழைய செய்முறைகளில் லோவில் எட்டு மணி நேரம் என்று பார்ப்பீர்கள். எழுபதுகளின் குக்கர்களைவிட இப்போது வருபவை சூடு அதிகம். எலும்பில்லாத கோழிக்கு எட்டு மணி நேரம் ரொம்ப அதிகம். காலையில் எட்டு மணிக்குப் போய் மாலை ஆறுக்கு வருகிறவர்கள் டிஜிட்டல் மாடலில் லோ ஐந்து மணி நேரம் என்று வைத்துவிட்டுப் போகலாம், மீதி நேரம் வார்மில் இருக்கும். தொடைக்கறி அதைத் தாங்கும், நெஞ்சுக்கறி தாங்காது. நெஞ்சுக்கறி போட்டவர்கள் லோவில் இரண்டரை மணி நேரத்திலேயே பார்க்க ஆரம்பியுங்கள். அது வீட்டில் இருக்கும் நாளில் செய்ய வேண்டிய சமையல்.

ஆன் ஆவதைத் தள்ளிவைக்கும் டைமர் சில மாடல்களில் உண்டு. பச்சைக் கோழி பாத்திரத்தில் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது நல்லதில்லை, அதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். முதல் நாள் இரவே எல்லாம் தயார் செய்ய நினைத்தால், கறியையும் வதக்கிய மசாலாவையும் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பீங்கான் பானையோடு சேர்த்துக் குளிரவைத்து, காலையில் அப்படியே சூடான கூட்டுக்குள் இறக்கினால் பானை விரிசல் விடலாம். பானையும் சில்லென்று இருப்பதால் கறி சூடேறவும் நேரமாகும்.

மூடினால் மூடினதுதான். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சேர்ந்திருந்த ஆவியெல்லாம் போய்விடும், மறுபடி பழைய சூட்டுக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். கிளறவும் தேவையில்லை. அடிப்பிடிக்க இதில் அவ்வளவு சூடே கிடையாது. கண்ணாடி மூடி எதற்கு இருக்கிறது, வெளியிலிருந்தே பாருங்கள்.

நீங்கள் வெளியே இருக்கும்போது கரண்ட் போய்வந்திருந்தால், எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாது. குக்கரின் கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், கறி வெந்த மாதிரி தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது போனால் உடனே எடுத்து கேஸ் அடுப்பில் முடித்துவிடலாம்.

வெந்ததா என்று பார்ப்பது

கோழிக்கறி சாப்பிடப் பாதுகாப்பான சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ். ஆனால் தொடைக்கறி அந்த இடத்தில் பிய்க்க வராது, ரப்பராக இழுக்கும். கொலாஜன் கரைய அதற்கு மேலும் சூடும் நேரமும் வேண்டும். 185-லிருந்து 195 ஃபாரன்ஹீட் வரை போனால்தான் நார் தளரும். பத்துப் பதினைந்து டாலருக்கு ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது எந்தக் கறிச் சமையலுக்கும் உதவும். அது இல்லையென்றால் ஒரு முள்கரண்டியைக் கறியில் குத்தித் திருகிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் பிரிந்தால் சரி. பிரியாமல் கெட்டியாக இருந்தால் அது வேகவில்லை என்றுதான் அர்த்தம், இன்னும் அரை மணி விடுங்கள். நெஞ்சுக்கறிக்கு மட்டும் 165 வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பிய்ப்பது

கறித் துண்டுகளை மட்டும் ஒரு பெரிய தட்டுக்கு எடுங்கள். இரண்டு முள்கரண்டிகள்: ஒன்றால் அழுத்திப் பிடித்து, மற்றொன்றால் நார் ஓடும் திசையில் இழுங்கள். சூடாக இருக்கும்போதுதான் சுலபமாகப் பிரியும், ஆறினால் இறுகிவிடும். நிறைய இருந்தால் கேக் மாவு அடிக்கும் ஹேண்ட் மிக்ஸரை மிகக் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓட்டினால் முடிந்தது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், தூளாகிவிடும். பானைக்குள்ளேயே வைத்துப் பிய்க்கலாம் என்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் குழம்பு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய முடியாமல் போய்விடும். கொழுப்புக் கட்டியோ குருத்தெலும்போ இருந்தால் எடுத்துப் போட தட்டுதான் வசதி.

இப்போது பானையில் மிச்சமிருக்கும் சாற்றைப் பாருங்கள். பெரும்பாலும் ரசம் மாதிரி இருக்கும். பதறாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான் வரும். அகலமான வாணலியில் ஊற்றிப் பெரிய தீயில் எட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் பாதியாகச் சுண்டி, ருசி கூர்மையாகும். எனக்குப் பிடித்த வழி இதுதான். அடுப்பைப் பற்ற வைக்க மனமில்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவை (கார்ன் ஸ்டார்ச்) அதே அளவு குளிர்ந்த தண்ணீரில் கரைத்துப் பானையில் ஊற்றிக் கலந்து, ஹையில் இருபது நிமிடம் மூடி வையுங்கள். கெட்டியாகும், ஆனால் சுண்டிய ருசி வராது.

சாறு சரியானதும் பானையிலேயே அதோடு பிய்த்த கறி, தண்ணீரில் அலசி வடித்த பீன்ஸ், சோளம் எல்லாவற்றையும் சேர்த்து, மூடிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கறி சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அணைத்துவிட்டு, எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் சேருங்கள். இந்த இரண்டையும் முன்னாலேயே போட்டால் மணமெல்லாம் போய்விடும். இப்போதுதான் உப்பு. ருசி பாருங்கள், பெரும்பாலும் ஒரு சிட்டிகைக்கு மேல் தேவைப்படாது. காரம் பற்றாதவர்கள் ஒரு ஹலபேனியோ மிளகாயைப் பொடியாக நறுக்கிப் பச்சையாகத் தூவிக்கொள்ளலாம்.

க்ரீம் சீஸ் ஒரு கட்டி சேர்க்கும் பழக்கமும் இங்கே பரவலாக இருக்கிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அது சல்சாவின் புளிப்பை மழுக்கிவிடுவதாகத் தோன்றும். சேர்ப்பதாக இருந்தால் நான்கு அவுன்ஸ், கடைசி அரை மணி நேரத்தில். பாலும் தயிரும் க்ரீமும் ஆரம்பத்திலேயே போட்டால் திரிந்துவிடும்.

எதோடு சாப்பிடுவது

சோறு தனியாக வடித்துக்கொள்ளுங்கள். அரிசியையும் ஸ்லோ குக்கரிலேயே போட்டுவிடலாமே என்று ஆசை வரும். அது குழைந்து கஞ்சியாகி, கறியின் சாற்றையும் குடித்துவிடும். வெள்ளைச் சோற்றின் மேல் சிக்கன், பக்கத்தில் அவகாடோத் துண்டுகள், மேலே ஒரு கரண்டி சவர் க்ரீம் அல்லது கெட்டித் தயிர். இதுவே முழுச் சாப்பாடு.

டார்ட்டிலா என்றால் சோள மாவில் செய்தது, மைதாவில் செய்தது என்று இரண்டு வகை. சோள டார்ட்டிலாவைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே மடித்தால் உடைந்துவிடும். காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, துணியில் சுற்றி வைத்தால் மெத்தென்று இருக்கும். மடித்துச் சாப்பிடும் டாக்கோவில் சாறு ஒழுகக் கூடாது. கறியை வடித்து எடுத்து வைக்க வேண்டும். மறுநாள் மிச்சத்தை மைதா டார்ட்டிலாவுக்குள் சீஸோடு வைத்துக் கல்லில் இரு பக்கமும் முறுவலாகச் சுட்டால் கேசடியா. பள்ளிக்கூட டப்பாவுக்கு அதுதான் எங்கள் வீட்டில் முதலில் தீரும்.

இந்த முறை கைவந்த பிறகு சல்சாவை மாற்றிப் பார்க்கலாம். மெக்சிகோவின் புவெப்லா பக்கத்துச் சமையல் 'டிங்கா'. தக்காளி, வெங்காயத்தோடு சிப்போட்லே சேர்த்துச் செய்யும் பிய்த்த கறி. சிப்போட்லே என்பது புகையில் உலர்த்திய ஹலபேனியோ. அடோபோ என்கிற புளிப்பான மிளகாய்ச் சாற்றில் ஊறிய சிப்போட்லே சின்ன டின்னில் கிடைக்கும். சல்சாவுக்குப் பதில் நசுக்கிய டின் தக்காளி 15 அவுன்ஸ், இரண்டு சிப்போட்லே, வெங்காயத்தை மூன்றாகக் கூட்டுங்கள். முறுகலாகப் பொரித்த டார்ட்டிலாவான டோஸ்டாடாவின் மேல் வைத்துச் சாப்பிட இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. பார்பிக்யூ சாஸ் சேர்த்து பன்னில் வைத்துச் சாப்பிடுவது இன்னொரு வழி. அதற்கு மட்டும் சாஸில் பாதியைக் கடைசியில் சேருங்கள். முழுவதையும் முதலிலேயே ஊற்றினால் கறி விடும் நீரில் இனிப்பும் புளிப்பும் கரைந்து சப்பென்றாகிவிடும்.

மிச்சமும் கழுவலும்

அணைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பானையோடு தூக்கி உள்ளே வைக்காதீர்கள். கனமான பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கறி ஆற வெகு நேரமாகும். ஆழமில்லாத சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள் இருக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கறியைச் சாற்றோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றித் தட்டையாகப் பரப்பி வைத்தால் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும், இளகவும் சீக்கிரம் இளகும். திரும்பச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

காலிப் பானை சூடாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சமையல் சோடாவும் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் ஓரத்தில் காய்ந்த சல்சா வளையம் துணி பட்டதும் வந்துவிடும். பானைக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் உறையெல்லாம் கடையில் விற்கிறார்கள், காசு தண்டம். கூட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கி, ஆறியதும் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.